ஒருவர் வேலைக்கு வெளியூர் போகும்போது வீட்டு அடுப்பைக் காப்பது எப்படி

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா கட்டட வேலைக்குக் கடல் தாண்டிப் போனார். கிளம்பிய அன்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, இனிமேல் கஷ்டம் தீர்ந்தது என்று. முதல் பணம் வந்து சேர்ந்தது ஐந்தாவது மாதம். அந்த ஐந்து மாதமும், அப்பா வீட்டில் இருந்தபோது சாப்பிட்டதைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டோம். எல்லாரும் எழுந்த பிறகுதான் அம்மா சாப்பிட உட்காருவார். பாத்திரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தால், "நீ போய்ப் படி" என்பார்.

பெரியவளான பிறகு வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டுக் கணக்கு எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நேற்று என்ன சமைத்தீர்கள், யார் யார் சாப்பிட்டீர்கள், போன வாரத்தில் ஒரு வேளையாவது தவறியதா என்று கேட்டு எழுத வேண்டும். பதினேழு வருடம் அதைச் செய்தேன். எங்கள் வீட்டில் நடந்தது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். போன முதல் சில மாதங்களில் பசி வருகிறது. பணம் விட்டு விட்டு வரும் இடைவெளிகளில் வருகிறது. பணம் ஒழுங்காக வரும் வீட்டிலும் ஒருவர் தட்டில் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாதம் எவ்வளவு சம்பளம் என்று கேட்காதவர் இல்லை. அது என்றைக்கு வரும், யார் கையில் வரும் என்று கேட்பவர் மிகக் குறைவு. இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போகலாமா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. போவது என்று முடிவான வீட்டுக்கு இது.

எதைக் காக்கிறோம் என்று முதலில் தெளிவாகட்டும்

1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டில் உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்று ஒரு வரையறை கொடுத்தார்கள். எல்லா மனிதருக்கும், எல்லா நேரமும், போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு கிடைக்கும் நிலை. இதை நான்கு கால்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள். உணவு அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். அதை வாங்கவோ விளைவிக்கவோ வீட்டுக்கு வழி இருக்க வேண்டும். உண்டது உடம்பில் ஒட்ட வேண்டும், அதற்கு நல்ல தண்ணீரும் சுத்தமும் உடல்நலமும் வேண்டும். இந்த மூன்றும் இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாமல் போகக் கூடாது, அது நான்காவது.

ஒருவர் வேலைக்கு வெளியே போனால் இரண்டாவது கால் பலப்படுகிறது, வாங்கும் வழி பெருகுகிறது. ஆனால் அதே நாளில் மற்ற மூன்றும் கொஞ்சம் ஆட்டம் காண்கின்றன. விளைவித்த கை இல்லை. சமைப்பவருக்கு இரண்டு ஆள் வேலை. பணம் வரும் தேதி நம் கட்டுப்பாட்டில் இல்லை. இந்த மூன்றையும் முன்கூட்டியே முட்டுக்கொடுத்து நிறுத்துவதுதான் வேலை.

கிளம்பும் முன்: வெறும் மாதங்களை எண்ணுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் கிளம்பும் மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களின் பெயரைக் கீழே கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே வரும் பணம், போகும் பணம். வரும் பணம் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள், ஆசையை எழுத வேண்டாம்.

போய்ச் சேர்ந்த மறுநாளே வேலை தொடங்கிவிடும் என்று நினைப்போம். மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று இரண்டு மூன்று வாரம் சும்மா போய்விடும். வேலை தொடங்கினாலும் அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதம்தான் கையில் வரும். வந்த முதல் சம்பளம் படுக்கை, பாத்திரம், வேலைக்கான காலணி, அறை முன்பணம், போன் என்று கரைந்துவிடும். இரண்டாவது சம்பளத்தில் கடன் கொடுத்தவர் முந்திக்கொள்வார். சமையலறைக்கென்று பணம் வருவது மூன்றாவது சம்பளத்தில், அதாவது நான்காவது மாதத்தில்தான். ஓடிவிடக் கூடாது என்பதற்காக அப்பாவின் முதல் மாதச் சம்பளத்தை அங்கே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதனால் எங்களுக்கு ஐந்தாயிற்று.

இந்த மாதங்களை நான் வெறும் மாதங்கள் என்று சொல்வேன். குறைந்தது நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு மாதச் சாப்பாடு, ஆள் வண்டியேறும் முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

எவ்வளவு? நிவாரண முகாம்களில் உணவு திட்டமிடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று கணக்கு வைப்பார்கள். 400 கிராம் தானியத்தில் ஏறக்குறைய 1,400 வந்துவிடும். 60 கிராம் பருப்பில் 200, 25 கிராம் எண்ணெயில் 220. மொத்தம் 1,800ஐ ஒட்டி. மீதியைக் காய், பழம், பால், முட்டை போன்றவை நிரப்ப வேண்டும். ஆக, ஆளுக்கு மாதம் 12 கிலோ தானியம், 1.8 கிலோ பருப்பு, முக்கால் கிலோ எண்ணெய். மிச்சம் இருக்கும் நான்கு பேருக்கு நான்கு மாதம் என்றால் 192 கிலோ தானியம், 29 கிலோ பருப்பு, 12 கிலோ எண்ணெய். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது கொஞ்சம் குறையும். உடலுழைப்பு வேலை செய்பவரும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் இருந்தால் கூடும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். பயணச் செலவுக்குக் கடன் வாங்குகிற வீடு, பயணத்தால் வரும் வெறும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். பயணச் சீட்டு, ஆள்சேர்ப்பவருக்குக் கொடுப்பது, துணிமணி, எல்லாம் செலவுப் பட்டியலில் இருக்கும். வீட்டுச் சாப்பாடு மட்டும் இருக்காது. ஏனென்றால் அது எப்படியாவது நடந்துவிடும் என்ற நம்பிக்கை. அப்படி நடத்திக் காட்டியது எங்கள் வீட்டில் அம்மாவின் வயிறு.

முடிந்தவரை பணமாக வைக்காமல் தானியமாக வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பணம் இருந்தால் கடன்காரருக்கும் உறவுக்கும் கண் அதில் இருக்கும், மூட்டையை யாரும் எளிதில் கேட்டு வாங்க மாட்டார்கள். அறுவடை முடிந்த கையோடு வாங்கினால் விலையும் இறங்கியிருக்கும். ஆனால் ஈரம் இருந்தால் இரண்டே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பல்லில் வைத்துக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காய வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். எண்ணெயும் பருப்பும் நான்கு மாதத்துக்கு மொத்தமாக வேண்டாம், அவற்றுக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

கடனைப் பற்றி ஒன்று. 1997இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 181ஆவது உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் தவிர, தனியார் ஆள்சேர்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்கிறது. எல்லா நாடும் அதில் கையெழுத்திடவில்லை, கையெழுத்திட்ட நாடுகளிலும் முகவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டால் எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள். வெளியாரிடம் வட்டிக்கு வாங்கினால், அசல் திருப்புவது எந்த மாதம் தொடங்க வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே பேசி முடியுங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் அசலைத் தொடாமலே ஆறு மாதத்தில் பதினெட்டு போய்விடும். அது பிள்ளைகளின் தட்டிலிருந்துதான் போகும். கடன் தவணை ஐந்தாவது மாதம் தொடங்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதத் தள்ளிவைப்புக்காகக் கொஞ்சம் வட்டி கூடினாலும் பரவாயில்லை.

நிலம் இருந்தால்

போகிறவர் நிலத்தில் என்னென்ன செய்தார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். உழவு, நீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது, விற்கப் போய் விலை பேசுவது. ஒவ்வொன்றுக்கும் நேரே இனி யார் என்று ஒரு பெயர் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தால், அது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்ணின் பெயராகத்தான் இருக்கும், அந்தப் பட்டியல் நடக்காது. பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம், ஆள் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறலாம், பாதியைக் குத்தகைக்கு விட்டுப் பணத்துக்குப் பதில் தானியமாகவே வாங்கலாம். நிலத்தை முழுக்கத் தரிசாகப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிடலாம் என்ற முடிவுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம்.

காரணம் இதுதான். ஓடெட் ஸ்டார்க், டேவிட் ப்ளூம் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வேலைக்கு வெளியே போவது தனி ஆளின் சம்பள ஆசை மட்டுமல்ல, வீடே சேர்ந்து எடுக்கும் முடிவு. இங்கே மழை பொய்த்தாலும் அங்கே சம்பளம் நிற்காது, அங்கே வேலை போனாலும் இங்கே விளைச்சல் இருக்கும். அது ஒரு காப்பீடு. இரண்டு வருமானமும் ஒரே நாளில் விழாதவரைக்கும்தான் காப்பீடு. 2020இல் ஊரடங்கு வந்தபோது சம்பளத்தை மட்டும் நம்பிய வீடுகளில் நிலைமை ஒரே மாதத்தில் மாறியதைப் பார்த்தோம். கொல்லையில் நான்கு பாத்தி இருந்த வீட்டில் கீரையாவது இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே முதலாளியிடம் வேலைக்குப் போகும் வீடுகளுக்கும் நான் இதையே சொல்வேன், இருவரில் ஒருவர் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.

பணம் அனுப்பும் முறை

பணம் எப்போதாவது பெரிதாக வருவதைவிட மாதாமாதம் அளவாக வருவது அடுப்புக்கு நல்லது. பெரிய தொகை வந்தால் வீட்டுக் கண்ணுக்குக் கூரை தெரியும், கல்யாணம் தெரியும், பழைய கடன் தெரியும். அடுத்த மாத அடுப்பு தெரியாது. ஆகவே அனுப்பும் பணத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்குமான பங்கு ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில். வீடு கட்ட, நகை மீட்க, சேமிக்க என்பதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

அடிக்கடி அனுப்பினால் கட்டணம் கூடும்தான். 200 அனுப்புகிறீர்கள், கட்டணம் 5, நாணய மாற்றில் நூற்றுக்கு 3 பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 போகும், அது 5.5 விழுக்காடு. அதே 200ஐ நூறு நூறாக அனுப்பினால் கட்டணம் இரட்டித்து 16 போகும், 8 விழுக்காடு. அதனால் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்ப வேண்டாம். கட்டணமே இல்லை என்று பலகை வைத்திருக்கும் இடத்திலும் மாற்று விகிதத்தில் பிடிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் இவ்வளவு கொடுத்தால் வீட்டில் கையில் எவ்வளவு கிடைக்கும்?" மூன்று இடத்தில் அதைக் கேட்டு எழுதிப் பாருங்கள். உலக வங்கியின் கணக்குப்படி 2023 கடைசியில் 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 2030க்குள் அதை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. பன்னிரண்டு மாதம் சேர்த்துப் பார்த்தால் அந்த 3 விழுக்காடு வித்தியாசம் பத்து பதினோரு நாள் அனுப்பும் பணத்துக்குச் சமம்.

அப்புறம், யார் பெயருக்கு? எங்கள் வீட்டில் பணம் தாத்தா கணக்குக்கு வந்தது. தாத்தா கெட்டவர் இல்லை. ஆனால் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அம்மா ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருந்தது, கேட்கக் கூச்சப்பட்ட வாரத்தில் நாங்கள் குறைத்துச் சாப்பிட்டோம். இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. சமைக்கிறவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அதை இயக்க அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெரியவர்கள் மனம் வருந்துவார்கள் என்றால் சேமிப்புப் பங்கு அவர்கள் கணக்குக்குப் போகட்டும், சாப்பாட்டுப் பங்கு அடுப்படிக்கு வரட்டும். போகும் முன்பே எல்லாரையும் உட்கார வைத்து, போகிறவர் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும். பிறகு போனில் சொன்னால் சண்டையாகும்.

பணம் வந்த பிறகு தட்டைப் பாருங்கள்

எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இலேயே கவனித்து எழுதியது: வருமானம் கூடக் கூட அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும். குறையட்டும், அது நல்ல அறிகுறிதான். ஆனால் பணம் வரும் வீட்டில் சாப்பாடு தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நான் கணக்கெடுத்த வீடுகளில் பணம் வந்ததும் முதலில் கூடியது சர்க்கரை, எண்ணெய், பாக்கெட்டில் வரும் தின்பண்டம். காரணம் பேராசை இல்லை, நேரமின்மை. தனியாக எல்லாம் செய்யும் பெண்ணுக்கு நறுக்கி வேகவைக்க நேரமில்லை, அழும் பிள்ளைக்குக் கையில் கொடுக்க ஒரு பாக்கெட் இருந்தால் போதும் என்றாகிவிடுகிறது. எனவே, வரும் பணத்தில் ஒரு பங்கு சமைப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்தப் போகட்டும். பக்கத்தில் தண்ணீர், விறகு தேடாத அடுப்பு, நிலத்தில் கூலிக்கு ஒரு ஆள். இவை ஆடம்பரம் அல்ல, சத்துணவுக்குச் செய்யும் செலவு.

தட்டைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெண்களின் உணவில் பலவகை இருக்கிறதா என்று பார்க்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உணவைப் பத்துக் கூட்டமாகப் பிரிக்கிறது: தானியமும் கிழங்கும், பயறு பருப்பு, கொட்டையும் விதையும், பால் வகை, இறைச்சி அல்லது மீன், முட்டை, கரும்பச்சைக் கீரை, மஞ்சள் ஆரஞ்சு நிறக் காய் கனிகள், மற்ற காய்கள், மற்ற பழங்கள். நேற்றுக் காலை முதல் இரவு வரை அம்மா, மனைவி, மகள் என்று ஒவ்வொருவரும் சாப்பிட்டதில் எத்தனை கூட்டம் வந்தது என்று எண்ணுங்கள். குறைந்தது ஐந்து வர வேண்டும். ஊர் ஊராக அளக்க உண்டான அளவுகோல் இது, ஒரு நாளை வைத்து ஒருவரைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. வாரம் ஒரு நாள் நோட்டில் எழுதிவந்தால் போக்கு தெரிந்துவிடும். இதில் முக்கியம், வீட்டுக்கென்று எண்ணாமல் ஆளுக்கு ஆள் எண்ணுவது. வீட்டுக் கணக்கில் முட்டை வந்திருக்கும், அது யார் தட்டுக்குப் போனது என்பது தனிக் கேள்வி.

வேலைக்குப் போவது தாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. அதற்குப் பிறகும் இரண்டு வயது வரை ஊட்டும் ஆளும் ஊட்டும் பொறுமையும்தான் பாதி உணவு. கைக்குழந்தை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், பாட்டியோ சித்தியோ, யார் பார்க்கப் போகிறார்களோ அவர், தாய் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஊட்டத் தொடங்கட்டும். பிள்ளை எந்தக் கையில் சாப்பிடும், எது கொடுத்தால் துப்பும் என்பதெல்லாம் போனில் கற்றுக்கொடுக்க முடியாது. அவருக்கும் மாதம் ஒரு தொகை அவர் பெயரிலேயே வரட்டும்.

போனவரின் தட்டு

இதை யாரும் கேட்பதில்லை. அப்பா திரும்பி வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரு வேளை மட்டும் சமைத்து அதையே மூன்று வேளைக்கு வைத்துக்கொண்டதாகப் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அனுப்பும் பணம் குறையக் கூடாது என்று வயிற்றைக் குறைத்திருக்கிறார். அந்த உடம்புதான் எங்கள் எல்லாருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது.

எனவே மாதக் கணக்குப் போடும்போது முதல் வரி போனவரின் சாப்பாடாக இருக்கட்டும். எவ்வளவு அனுப்ப முடியும் என்பது அதற்குப் பிறகு. நான்கைந்து பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைத்தால் செலவும் குறையும், தினமும் வாங்கிச் சாப்பிடுவதும் நிற்கும். பயறு, முட்டை, ஏதாவது ஒரு காய் தினமும் இருக்க வேண்டும். வெயிலில் வேலை என்றால் தண்ணீர். வேலைக்குச் சேரும்போது சாப்பாடு முதலாளி பொறுப்பா, அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா, தங்கும் இடத்தில் சமைக்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலிருப்பவர்கள் போனில் "பணம் அனுப்பியாச்சா" என்று கேட்கும் முன் "இன்னைக்கு என்ன சாப்பிட்டே" என்று கேளுங்கள். பதில் மூன்று நாளாக ஒன்றே என்றால் விசாரியுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து கேள்வி

தூரத்தில் இருக்கும் இருவரும் ஒருவருக்கொருவர் நல்லாயிருக்கோம் என்றே சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அதனால் நல்லாயிருக்கீங்களா என்று கேட்பதில் பயனில்லை. எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்க வேண்டும்.

உணவு நெருக்கடியை அளக்கப் பல நாடுகளில் ஒரு ஐந்து கேள்வியைப் பயன்படுத்துகிறார்கள், நானும் அதை ஆயிரக்கணக்கான முறை கேட்டிருக்கிறேன். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்:

- விருப்பமில்லாத, மலிவான உணவைச் சாப்பிட்டுச் சமாளித்தீர்கள் (நாளுக்கு 1 புள்ளி)
- கடன் வாங்கியோ உறவினர், அக்கம்பக்கத்தவர் தயவிலோ உணவு பெற்றீர்கள் (நாளுக்கு 2)
- தட்டில் போடும் அளவைக் குறைத்தீர்கள் (நாளுக்கு 1)
- பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்கள் (நாளுக்கு 3)
- ஒரு நாளில் சாப்பிடும் வேளையைக் குறைத்தீர்கள் (நாளுக்கு 1)

நாளைப் புள்ளியால் பெருக்கிக் கூட்டுங்கள். மலிவு உணவு ஐந்து நாள், கடன் ஒரு நாள், பெரியவர்கள் குறைத்தது இரண்டு நாள் என்றால் 5, 2, 6, ஆக 13. மூன்று வரை இருந்தால் கவலை இல்லை. நான்கு முதல் பதினெட்டு வரை நெருக்கடி தொடங்கிவிட்டது என்று பொருள். பத்தொன்பதும் அதற்கு மேலும் போனால் உடனே கை கொடுக்க வேண்டும். எண்ணைவிட அது போகும் திசையைப் பாருங்கள்: மூன்று வாரமாக ஏறினால், எட்டாக இருந்தாலும் அன்றே பேசுங்கள். நான்காவது கேள்வியை மட்டும் சமைப்பவரிடமே நேராகக் கேளுங்கள், வேறு யாருக்கும் அதன் பதில் தெரியாது.

பணம் நின்றுவிட்டால்

வேலை போகலாம், முதலாளி சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம், உடம்பு முடியாமல் போகலாம். முதல் வருடம் முடிவதற்குள் மூன்று மாதச் சாப்பாட்டுப் பங்கைத் தனியாகச் சேர்த்து வைத்துவிட வேண்டும். வீடு கட்டுவதற்கு முன் இது. கடன் அடைப்பதற்கு முன்னும் இதுவா என்று கேட்பார்கள். வட்டி குறைவான கடன் என்றால் ஆமாம்.

நின்ற மாதம் எதை முதலில் தொடுவது என்பதற்கும் ஒரு வரிசை வைத்திருங்கள். சேமிப்பும் சும்மா கிடக்கும் நகையும் முதலில். பெரிய செலவுகளை நிறுத்துவது அதே நாளில். கறவை மாடு, விதை, கருவி, தையல் இயந்திரம், பிள்ளையின் படிப்பு, இவற்றைக் கடைசிவரை தொடாதீர்கள், நாளைய சாப்பாடு அவற்றில் இருக்கிறது. அரசு உணவு உதவி, பள்ளி உணவு, கர்ப்பிணிகளுக்கான சத்துணவு எதற்கெல்லாம் வீடு தகுதி பெறும் என்பதைப் பணம் நிற்கும் முன்பே விசாரித்துப் பதிந்து வையுங்கள். வெளியே ஆள் இருக்கும் வீடு என்று சொல்லிப் பெயரை நீக்கிவிட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். போனவரும் தான் இருக்கும் இடத்தில் தனக்கு என்ன உதவி உண்டு, எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.

திரும்பி வரும் மாதத்துக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் வேண்டும். கடைசிச் சம்பளத்துக்கும் இங்கே அடுத்த வருமானத்துக்கும் நடுவிலும் வெறும் மாதங்கள் வரும், ஆனால் இந்த முறை சாப்பிட ஒரு ஆள் கூடுதல். அப்பா வந்த வாரத்தில் சொந்தக்காரர்களுக்கு விருந்து வைத்தோம், ஆறாவது வாரத்தில் அம்மா மறுபடி கடைசியாக உட்கார்ந்தார். எனவே திரும்பும் தேதி தெரிந்த அன்றே மாதப் பெயர்களைக் கீழே கீழே எழுதி, நேரே வரவையும் செலவையும் போட்டு, இத்தனை பேருக்கு இத்தனை கிலோ என்று முன்போலவே கணக்கிட்டு வாங்கி வையுங்கள்.